இமை வெளுப்பு, தாடை வீக்கம், கழிச்சல்: ஆடுகளில் குடற்புழுவை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

ஆடு மெலிந்தாலும் புழு, கழிந்தாலும் புழு என்று பட்டி மொத்தத்துக்கும் ஒரே பாட்டிலை ஊற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவதுதான் வழக்கம். சில சமயம் பலிக்கும். பலிக்காதபோது மருந்துக் காசும் போகும், ஆடும் போகும். காரணம், ஒவ்வொரு புழுவும் ஒவ்வொரு விதமாகத் தன்னைக் காட்டும்; மருந்தும் வேறு வேறு. இன்னொன்று: நம் வெக்கை நாட்டில் ஆட்டுக்கு மிக ஆபத்தான புழு பெரும்பாலும் கழிச்சலே தருவதில்லை. வாலை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் அதைத் தவறவிடுவார்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு காரியம். ஆசனவாயில் தெர்மாமீட்டரை இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். 102 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். 104-ஐத் தாண்டினால் அது வெறும் குடற்புழு இல்லை. புழு மருந்தைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். இரண்டாவது, கண் இமை.

இமை வெளுத்திருக்கிறது, ஆடு பின்தங்குகிறது, கழிச்சல் இல்லை

மந்தையில் கடைசியாக வரும், சற்று ஓட்டினால் மூச்சு வாங்கும், படுத்துவிடும். புழுக்கை மணி மணியாக, நன்றாகவே இருக்கும். இதுதான் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவின் அடையாளம். நான்காம் இரைப்பையில் தங்கி ஒவ்வொரு புழுவும் நாளுக்குச் சுமார் 0.05 மி.லி. இரத்தத்தைக் குடித்தும் கசியவிட்டும் வீணாக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மி.லி. போகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இமையைப் பார்ப்பதில் ஒரு முறை இருக்கிறது. ஆட்டை வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். கொட்டகை நிழலில் எல்லா இமையும் வெளுப்பாகத்தான் தெரியும். ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மூடி, கண்விழியை மெல்ல அழுத்துங்கள். மற்றொரு கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுங்கள். உள்சதை வெளியே பிதுங்கி வரும். அதன் நிறத்தைச் சட்டென்று பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் நிறம் மாறித் தெரியும். இரண்டு கண்ணையும் பாருங்கள், எது அதிகம் வெளுத்ததோ அதுதான் கணக்கு.

தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை இந்த நிறத்தை ஐந்து படியாகப் பிரிக்கிறது. 1 நல்ல சிவப்பு, 2 வெளிர் சிவப்பு, 3 இளஞ்சிவப்பு, 4 வெளுத்த இளஞ்சிவப்பு, 5 வெள்ளை. 1, 2-க்கு மருந்து வேண்டாம். 4, 5-க்கு அன்றைக்கே கொடுக்க வேண்டும். 3-இல் குட்டி, சினையாடு, பால் கொடுக்கும் ஆடு, மெலிந்த ஆடு என்றால் கொடுங்கள். திடமான பெரிய ஆடு என்றால் பத்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். அட்டை கையில் இல்லையென்றால் பட்டியில் நன்றாக இருக்கும் கிடாவின் இமையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அட்டை போலத் துல்லியம் வராது, ஆனால் வெள்ளையைத் தவறவிட மாட்டீர்கள். தூசியாலோ கண்நோயாலோ சிவந்த கண்ணை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காரணங்களைச் சுலபமானதிலிருந்து பாருங்கள். உடம்பைத் தடவி உண்ணி, பேன் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். அவையும் இரத்தம் குடிக்கும், காது மடலிலும் வாலடியிலும் ஒளிந்திருக்கும். அது இல்லையென்றால் ஹீமாங்கஸ். குளக்கரை, வாய்க்கால் மேய்ச்சல் என்றால் கல்லீரல் தட்டைப்புழு. உண்ணி இருந்து காய்ச்சலும் சேர்ந்தால், அல்லது மூத்திரம் காப்பி நிறத்தில் போனால், அது உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்கு ஊசி தேவை, வீட்டில் பார்க்க முடியாது.

இமை வெள்ளையான ஆட்டைத் துரத்திப் பிடிக்காதீர்கள். இருக்கிற இரத்தம் அந்த ஓட்டத்துக்குப் போதாது, கையிலேயே சாயும். நிழலில் நிற்கும்போது மெல்லப் பிடித்து மருந்தைப் புகட்டி, ஒரு வாரம் பட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அகத்தி, வேலிமசால், ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கு என்று புரதம் உள்ளதாகக் கொடுங்கள். மருந்து புழுவைத்தான் கொல்லும், போன இரத்தத்தை ஆடுதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குச் சில வாரம் பிடிக்கும். எழுந்து நிற்க முடியாத நிலை, நின்றாலும் கால் நடுங்கும் நிலை என்றால் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தியைக் கேட்கலாம்.

தாடைக்குக் கீழே தண்ணீர் கட்டியதுபோல் வீக்கம்

சாயங்காலம் மேய்ந்து வரும்போது பெரிதாக இருக்கும், காலையில் வற்றியிருக்கும். நாள் முழுக்கத் தலையைக் கவிழ்த்து மேய்வதால் நீர் அங்கே இறங்குகிறது. விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மெல்ல நிரம்பினால் நீர் வீக்கம். கெட்டியாக, ஒரு பக்கமாக, தொட்டால் வலிப்பதாக இருந்தால் சீழ்க்கட்டி. அதை நீங்களே கீறிவிடாதீர்கள். சில சீழ்க்கட்டிகள் பட்டி முழுக்கப் பரவும் வகை.

நீர் வீக்கம் என்றால் இரத்தத்தில் புரதம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸா, ஈரலைத் துளைக்கும் தட்டைப்புழுவா என்பதுதான் கேள்வி. இரண்டிலும் இமை வெளுக்கும். பிரித்தறிய மேய்ச்சல் இடத்தையும் மாதத்தையும் பாருங்கள்.

மழை பெய்து பத்து நாளில் புல் தழைத்து, அதன்பின் மூன்று நான்கு வாரத்தில் பட்டியில் பல ஆடுகளுக்குச் சேர்ந்தாற்போல் வந்தால் ஹீமாங்கஸ். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இது வழக்கம்.

மழை முடிந்து, ஏரியிலும் கண்மாயிலும் தண்ணீர் உள்வாங்க உள்வாங்கக் கரையோரப் பச்சையில் மேய்ந்த ஆடுகளுக்கு மாசி, பங்குனியில் வந்தால் தட்டைப்புழுவைச் சந்தேகியுங்கள். நத்தையிலிருந்து வெளியேறிய இளம்புழு அந்த ஈரப் புல்லில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் ஆடு வளர்ப்பவர்கள் இதை முதல் சந்தேகமாகவே வைத்துக்கொள்ளலாம்.

மருந்து இங்கேதான் பிரிகிறது. ஐவர்மெக்டினும் லெவாமிசோலும் ஹீமாங்கஸ் போன்ற உருண்டைப்புழுவுக்கு உள்ளவை. தட்டைப்புழு அவற்றைப் பொருட்படுத்தாது. தட்டைப்புழுவுக்கு ஆக்சிகுளோசனைடு, குளோசான்டெல், டிரைகிளாபெண்டசோல் ஆகியவை. ஆக்சிகுளோசனைடு வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், ஈரலைத் துளைத்துக்கொண்டிருக்கும் இளம்புழுவை விட்டுவிடும். டிரைகிளாபெண்டசோல் இளம்புழுவையும் பிடிக்கும். குளோசான்டெல் தட்டைப்புழு, ஹீமாங்கஸ் இரண்டையும் கொல்லும் என்பதால் எது என்று தெரியாத நேரத்தில் மருத்துவர்கள் அதை எழுதுவதுண்டு. ஆனால் அதில் கைக்கணக்கு ஆகாது: கிலோவுக்கு 10 மி.கி. என்ற அளவை மிஞ்சினால் ஆட்டுக்குப் பார்வையே போய்விடும், திரும்பாது. எடை பார்க்காமல் தொடவே வேண்டாம்.

கழிச்சல்

வயதைக் கேட்டுத்தான் இதற்குள் போக வேண்டும்.

*மூன்று வாரம் முதல் ஐந்து மாதம் வரையுள்ள குட்டி. முக்கி முக்கிக் கழிகிறது, சளியோ இரத்தமோ கலந்து வருகிறது.* இது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல் எனப்படும் காக்சிடியா நோய். புழு அல்ல, நுண்ணுயிர். வழக்கமான புழு மருந்தான அல்பெண்டசோல் இதற்குக் கொஞ்சமும் கேட்காது. குட்டிகளுக்கு மாற்றி மாற்றிப் புழு மருந்து ஊற்றி ஒரு வாரத்தைக் கழித்துவிடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. புழுக்கையைக் கொடுத்துச் சோதித்து, மருத்துவர் எழுதும் ஆம்ப்ரோலியம் அல்லது சல்ஃபா மருந்தைச் சொன்ன நாள் வரை முழுதாகக் கொடுங்கள். அதுவரை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து சிறிது சிறிதாகப் புகட்டலாம். தரை ஈரத்தை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்: குட்டிகளைக் காய்ந்த இடத்துக்கோ பரணுக்கோ மாற்றுங்கள், தீவனத்தைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிடுங்கள், தண்ணீர்த் தொட்டியில் புழுக்கை விழாத உயரம் வையுங்கள். தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது என்றால் வாய்வழித் தண்ணீர் போதாது, குளுக்கோஸ் ஏற்ற வேண்டும்.

*வளர்ந்த ஆடு, முதல் மழைக்குப் பின் தளிர்ப் புல் மேய்ந்த இரண்டு மூன்று நாள்.* காய்ச்சல் இல்லை, துள்ளலாக இருக்கிறது, இமை சிவப்பு. எதுவும் கொடுக்க வேண்டாம். மேய விடுவதற்கு முன் சோளத்தட்டையோ கடலைக்கொடியோ கொடுத்து அனுப்புங்கள், மூன்று நாளில் சரியாகும்.

*வளர்ந்த ஆடு, வாலும் பின்தொடையும் கறுப்பாக அப்பிக் கிடக்கிறது, வாரக்கணக்கில் மெலிகிறது.* குடலில் தங்கும் மற்ற உருண்டைப்புழுக்கள். வழக்கமான புழு மருந்து சரியான அளவில் கொடுத்தால் கேட்கும்.

*தண்ணீராக, தாங்க முடியாத நாற்றத்துடன், கரையோர மேய்ச்சலுக்குப் பிறகு.* இரைப்பைத் தட்டைப்புழுவின் இளம்பருவம். முன்சிறுகுடலைக் கடித்துப் புண்ணாக்கும் இந்தப் பருவத்தில் முட்டையே வராது. அதனால் சாணப் பரிசோதனையில் ‘புழு இல்லை’ என்று முடிவு வந்தாலும் நம்பிவிடக் கூடாது. ஆக்சிகுளோசனைடு இதற்குக் கேட்கும். ஒரே வாரத்தில் பல ஆடுகள் விழக்கூடியது என்பதால் முதல் ஆட்டிலேயே மருத்துவரிடம் மேய்ச்சல் இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

*காய்ச்சல், மூக்குச்சளி, வாய்ப்புண், அதோடு கழிச்சல்.* ஆட்டுக்கொல்லி நோய் சந்தேகம். ஆட்டைத் தனியே பிரித்துவிட்டு அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

புழுக்கையில் அரிசி போல ஒட்டிக்கொண்டு வருகிறது

நாடாப்புழுவின் துண்டுகள். கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் இதற்குத்தான் அதிகம் பதறுகிறார்கள். உண்மையில் இந்தப் பட்டியலில் மிகக் குறைவாகக் கெடுதல் செய்வது இதுதான். வளர்ந்த ஆட்டில் கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டி, வயிறு உப்பி வளர்ச்சி நின்றிருந்தால் பிரசிகுவாண்டல் அல்லது நிகுளோசமைடு கொடுக்கலாம். ஐவர்மெக்டின், லெவாமிசோல் வேலைக்காகாது. நாடாப்புழு தெரிகிறதே என்று அதற்கு மருந்து கொடுத்துவிட்டு இமையைப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து.

மருந்து ஊற்றி இரண்டு வாரம் ஆகியும் தேறவில்லை

அதிகம் கேட்கப்படுவது இதுதான். ‘மருந்து சரியில்லை’ என்று கடையை மாற்றுவதற்கு முன் செலவில்லாத காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு வாருங்கள்.

*பாட்டிலைக் குலுக்கினீர்களா?* அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் எல்லாம் பால் போன்ற கரைசல். மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் பத்து ஆட்டுக்குத் தண்ணீர், கடைசி இரண்டு ஆட்டுக்கு மிகை மருந்து. காலாவதித் தேதியைப் பாருங்கள். கொட்டகைத் தகரத்துக்குக் கீழே வெயிலில் கிடந்த பாட்டிலைத் தூக்கி எறியுங்கள்.

*உள்ளே போயிற்றா?* தலையைத் தரைக்கு இணையாகவே வைத்து, வாயோரம் பல் இல்லாத இடைவெளி வழியாக ஊசி நீக்கிய சிரிஞ்சை நாக்கின் பின்பகுதி வரை கொண்டு போய் மெல்ல அழுத்துங்கள். நுனி நாக்கில் விட்டால் பாதியைத் துப்பும். மீதி முதல் இரைப்பையில் தங்காமல் நேராக இறங்கி, வேலை செய்ய நேரமில்லாமல் வெளியேறிவிடும். தலையை வானம் பார்க்கத் தூக்கினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். மறுநாள் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் காரணம் அதுதான். இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும்.

*எடை?* கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். தராசு இல்லையென்றால் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனைவரை நீளம், இரண்டும் செ.மீ.-இல். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 66, நீளம் 60 என்றால் சுமார் 24 கிலோ. வயிறு முட்டத் தின்ற நேரத்தில் அளக்க வேண்டாம், காலையில் அளங்கள்.

*செம்மறிக்கான அளவை வெள்ளாட்டுக்குக் கொடுத்தீர்களா?* பாதிப்பேர் தடுக்கி விழுவது இங்கேதான். வெள்ளாடு மருந்தை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும்; வேம்பும் வேலமும் கடிக்கிற அதன் ஈரலுக்குப் பழக்கம் அப்படி. அல்பெண்டசோல் செம்மறிக்குக் கிலோவுக்கு 7.5 மி.கி. 2.5 சதவீதக் கரைசலில் ஒரு மி.லி.-க்கு 25 மி.கி. இருக்கும். 24 கிலோ செம்மறிக்கு 180 மி.கி., அதாவது 7.2 மி.லி. அதே எடை வெள்ளாட்டுக்கு மருத்துவர்கள் இருமடங்கு வரை, 14.4 மி.லி. எழுதுவதுண்டு. ஐவர்மெக்டினும் அப்படியே, இருமடங்கு. லெவாமிசோலுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் போகவே கூடாது. மிஞ்சினால் எச்சில் வடிந்து உடம்பு நடுங்கும், சாகவும் செய்யும். குளோசான்டெல்லை இந்தப் பெருக்கலுக்குள் கொண்டு வராதீர்கள். லேபிளில் உள்ள சதவீதத்தையும் கவனியுங்கள்: 2.5 என்று நினைத்துக்கொண்டு 10 சதவீதப் பாட்டிலை அதே அளவில் ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும்.

சினையின் முதல் ஒன்றரை மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டாம், குட்டி ஊனமாகும். அந்த நேரத்தில் ஃபென்பெண்டசோல் பத்திரம். கறிக்கு விற்கிற ஆடு, பால் கறக்கிற ஆடு என்றால் லேபிளில் சொன்ன இடைவெளி நாட்களைக் காத்திருங்கள். வெள்ளாட்டுக்குக் கூட்டிக் கொடுத்திருந்தால் அந்த நாட்களும் கூடும், மருத்துவரிடம் கேளுங்கள்.

*அதே ஈரத்தில் மேய்கிறதா?* விழுங்கிய இளம்புழு முட்டையிடும் புழுவாக மூன்று வாரம் போதும். ஒரு பெண் ஹீமாங்கஸ் நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மருந்து கொடுத்த மறுநாளே பழைய இடத்தில் விட்டால் மறுதொற்று நிச்சயம். இளம்புழு பெரும்பாலும் புல்லின் அடி இரண்டு அங்குலத்தில், பனி ஈரத்தில் இருக்கும். பனி காய்ந்த பிறகு, காலை ஒன்பது மணிக்கு மேல் ஓட்டுங்கள். தரை தெரிய மொட்டையடித்த இடத்தில் விடாதீர்கள். வெள்ளாட்டைத் தழை கடிக்க விட்டால் பாதித் தொல்லை குறையும்.

*இவையெல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லையா?* இப்போதுதான் மருந்து எதிர்ப்பை, அதாவது புழு மருந்துக்குச் சாகாமல் பழகிவிட்டதைச் சந்தேகிக்க வேண்டும். நிரூபிக்க வழி உண்டு. மருந்து கொடுக்கும் அன்று பத்து ஆடுகளிடமிருந்து தனித்தனியாகப் பத்துப் பத்துப் புழுக்கை, ஆசனவாயிலிருந்தோ அப்போதுதான் போட்டதிலிருந்தோ எடுத்துக் காற்றுப் புகாத பையில் போட்டு ஆட்டு எண்ணை எழுதுங்கள். வெயில் படாமல் அன்றைக்கே கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலோ கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாவட்ட மையத்திலோ கொடுத்து, ‘முட்டை எண்ணிக்கை வேண்டும்’ என்று கேளுங்கள். இருக்கிறது, இல்லை என்ற பதில் போதாது. பதினான்காம் நாள் அதே ஆடுகளிடம் மறுபடி எடுங்கள். எண்ணிக்கை 95 சதவீதம் கூடக் குறையவில்லையென்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் தேய்ந்துவிட்டது.

மாற்றும்போது பாட்டிலின் பெயரை மாற்றுவது மாற்றமாகாது. அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பம். ஒன்று கேட்காவிட்டால் மற்றதும் கேட்காது. லெவாமிசோல் வேறு, ஐவர்மெக்டின் வேறு, குளோசான்டெல் வேறு. எதற்கு மாறுவது என்பதை முட்டை எண்ணிக்கைத் தாளோடு மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள். அதோடு, பட்டி மொத்தத்துக்கும் ஊற்றுவதை நிறுத்துங்கள். இமை சிவந்த ஆடுகளை மருந்தில்லாமல் விட்டால் மருந்துக்குச் சாகும் புழு இனமும் மேய்ச்சலில் மிஞ்சும். எல்லாவற்றுக்கும் ஊற்றினால் பிழைத்த புழு மட்டும் பெருகும். குட்டி ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன் சினையாடுகளின் இமையைத் தவறாமல் பாருங்கள். ஈற்றை ஒட்டி அவற்றின் நோய் எதிர்ப்பு தளர்ந்து, புழு முட்டை கொட்டும்.

சந்தையில் வாங்கிய ஆட்டோடு எதிர்ப்புப் புழுவும் வரும். இரண்டு வேறு குடும்ப மருந்தை மருத்துவர் சொன்னபடி கொடுத்து, இரண்டு நாள் கட்டிப்போட்டு, அந்தப் புழுக்கையைக் கூட்டி அள்ளி மேய்ச்சலுக்கு வராமல் அப்புறப்படுத்திவிட்டுப் பட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெலிகிறது, இமை சிவப்பு, கழிச்சலும் இல்லை

புழுவைத் தேடாதீர்கள். வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். தேய்ந்த, விழுந்த பல்லோடு வயதான ஆடு எவ்வளவு மேய்ந்தாலும் தேறாது. அடுத்தது தீவனம். இரண்டும் சரியாக இருந்து மாதக்கணக்கில் உருகினால் ஜோன்ஸ் எனப்படும் குடல் நோய் போன்ற நாட்பட்ட நோயாகலாம், சோதனை தேவை.

ஒரே பக்கம் சுற்றுகிறது, தலையைச் சாய்த்து நிற்கிறது

நாயின் நாடாப்புழு ஆட்டு மூளையில் நீர்க்கட்டியாக வளர்ந்திருக்கலாம். வேறு மூளை நோயிலும் இப்படி வரும். மருத்துவர் பார்க்க வேண்டும். பட்டி நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரசிகுவாண்டல், செத்த ஆட்டுத் தலையை நாய்க்குப் போடாமை, இவ்விரண்டும்தான் தடுப்பு.

ஆடு செத்துவிட்டது, காரணம் தெரியவில்லை

முதலில் தொடாமல் பாருங்கள். மூக்கு, வாய், ஆசனவாயில் கறுத்த இரத்தம் வழிந்து உறையாமல் இருந்தால் அடைப்பானாக இருக்கலாம்: அறுக்காதீர்கள், தோல் உரிக்காதீர்கள், மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். நன்றாக இருந்த குட்டி திடீரென்று துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரி, அதற்குத் தடுப்பூசிதான்.

மற்ற சாவுகளில் பிரேதப் பரிசோதனைக்கு அன்றைக்கே கொண்டு போங்கள், மறுநாள் அழுகிவிடும். அங்கே நான்காம் இரைப்பையை அறுத்துத் தண்ணீர் விட்டு அலசச் சொல்லிப் பாருங்கள்: ஹீமாங்கஸ் என்றால் இரண்டு மூன்று செ.மீ. நீளத்தில், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் போலப் புழு நெளியும். ஈரலை அழுத்தினால் பித்தக்குழாயிலிருந்து இலை போன்ற தட்டைப்புழு பிதுங்கும். கறிக்கு அறுக்கும்போதும் இரண்டு நிமிடம் இதைப் பார்க்கலாம். குடல் சுவரில் பட்டாணி அளவு முடிச்சுகள் கண்டால் முடிச்சுப்புழு இருக்கிறது. பார்த்ததை மாதத்தோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், அடுத்த முறை மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே பதில்.